ஊர் வந்தால் ஒரு நாள் நில்

அன்பு மகளுக்கு,

கனடாவில் புரூஸ் நடைபாதை முழுக்க நடக்கப்போவதாக நீ எழுதியதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "900 கிலோமீற்றரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போய்விட்டார். அவர் பேசாமல் போனால் சம்மதம் என்று உனக்குத் தெரியும்தானே. நானும் மறிக்கமாட்டேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமம் முருகன் கோயில் வரைக்கும் பாதயாத்திரையாக நடந்துவிட்டு வந்தவள் உன்னை மறித்தால் ஊர் சிரிக்கும்.

"ஒவ்வொரு நாளும் என்னதான் அம்மா செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளை. விடிய மூன்று மணிக்கு யாராவது சங்கு ஊதுவார்கள். கிணற்றடியில் வரிசை நிற்கும். ஈரத் தலையோடு வேலுக்குப் பூசையை முடித்து, இருட்டோடு இருட்டாக வெளிக்கிடுவோம். வெயில் ஏறமுன் அன்றைய நடையில் முக்கால்வாசி முடிந்துவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு தார் றோட்டில் கால் வைக்க ஏலாது. வெறுங்காலோடு வந்த சாமிமார் றோட்டோரப் புல்லைத் தேடித் தேடி நடப்பார்கள். யாத்திரையில் எல்லோரும் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவது. என்ன உத்தியோகம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க முடியுமா, சொல்லு.

மத்தியானம் ஏதாவது கோயில் மடத்தில் ஊர்ச்சனம் சோறு போடும். பின்னேரம் கொஞ்ச நடை. இரவு மண்டபத்தில் பாய். முல்லைத்தீவில் வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல், பிறகு திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று ஊர்கள்தான் மாறும், நாள் மாறாது. கிழக்கில் சில வீடுகளில் குடத்தில் மஞ்சள் தண்ணியோடு படலையடியில் நிற்பார்கள். காலில் ஊற்றிய பிறகுதான் உள்ளே கூப்பிடுவது. என்னைவிட மூத்த ஒரு ஆச்சி குனிந்து ஊற்ற, எனக்குக் கூசிப்போய்விட்டது.

காலைப் பற்றி நான் சொல்வதைக் கேள். கொப்புளம் வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட வரமுன் நிற்பதுதான் கெட்டித்தனம். ஓரிடம் காந்தத் தொடங்கினால், அடுத்த வளைவு மட்டும் போவோம் என்று நினைக்காதே. அந்த இடத்திலேயே இருந்து சப்பாத்தைக் கழற்று. மேஸ் ஈரமென்றால் மாற்று, உள்ளே மண் இருந்தால் தட்டு, காந்தின இடத்தில் பிளாஸ்ரர் ஒட்டு. கூட வருபவர்கள் முன்னால் போனால் போகட்டும்.

இனி, நீ ஊர்களில் தங்குவதைப் பற்றி. உன் திட்டத்தில் எத்தனை மைல், எத்தனை மலை எல்லாம் இருக்கிறது. தங்கும் நாளுக்கு மட்டும் இடமே இல்லை. அது சரிவராது.

நாங்கள் மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் நின்றோம். நடக்கும்போது தெரியாத நோவெல்லாம் இருந்த பிறகுதான் தெரியும். எழும்பும்போது தூணைப் பிடித்துத்தான் எழும்பினேன். ஆனால் வேலை தலைக்கு மேலே கிடந்தது. சீலைகளைத் தோய்க்க வேண்டும், அறுந்த பையைத் தைக்கக் கொடுக்க வேண்டும், தேய்ந்த பாட்டாச் செருப்பை மாற்ற வேண்டும், மருந்துக் கடைக்குப் போக வேண்டும். மடத்துச் சுவரில் ஒரேயொரு பிளக். அதில் ஒரு மல்ரிபிளக், அதிலிருந்து இன்னொன்று, கீழே விரித்த துவாயில் பத்துப் பன்னிரண்டு போன். எது யாருடையதென்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். என்னுடையதில் உன் பள்ளிக்கூட றிபன் துண்டு. அன்றைக்குத்தான் உனக்கு வீடியோவில் எடுத்தேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாய்.

தெரிந்த வீடொன்றில் எருமைத் தயிரைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். பாணி விட்டுச் சாப்பிட்டேன், பிறகும் கேட்டு வாங்கினேன். கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் தந்தார்கள். நித்திரை வரவில்லை. நிலத்தில் பாயைப் போட்ட பிறகுதான் கண் அயர்ந்தது.

ஒரு நாள் போதும். இரண்டாம் நாளும் தங்கினவர்களில் சிலர் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கச்சான் காற்று அனலாக அடிக்க, பஸ் பக்கத்தால் போக, கால் தானாகவே திரும்பும். ஆகவே தங்கும் நாளின் இரவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடு.

உகந்தைக்கு அப்பால் குமண, யால காடு. பாதை திறக்கும் நாள்வரைக்கும் காத்திருந்து, பேர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். அவல், பேரீச்சம்பழம், பனங்கட்டி, தேசிக்காய், தண்ணியில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கற், இதற்கு மேல் சுமந்தவர்கள் கும்புக்கன் ஆற்றடியில் மருத மரத்துக்குக் கீழே இருந்து மற்றவர்களுக்குப் பங்கு போட்டார்கள். நீயும் பையைக் கட்டிய பிறகு திரும்ப அவிழ்த்துப் பார். யானைக்குப் பயந்து கூட்டமாகத்தான் போனோம், "அரோகரா" என்று சத்தமும் வைத்தோம். உனக்கு வடக்கே போகப் போகக் கறுப்புக் கரடியும் கிலுகிலுப்பைப் பாம்பும் இருக்கிறதாம், தம்பி பார்த்துச் சொன்னான். நீயும் கதைத்துக்கொண்டு நட; கரடிக்கு முன்கூட்டியே ஆள் வருவது தெரியட்டும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதே. மரங்களில் அடித்திருக்கும் வெள்ளை அடையாளத்தைக் கன நேரம் காணாவிட்டால் திரும்பி, கடைசியாகக் கண்ட இடத்துக்கு வா.

பாதை தொடங்கும் குயின்ஸ்ரனிலிருந்து முடியும் ரொபர்மோரி வரைக்கும் எந்தெந்த ஊர்களில் தங்குவாய் என்று திகதியோடு எழுதி அனுப்பு. அப்பா இப்போதே ஒரு பெரிய வரைபடம் வாங்கித் தரச்சொல்லி நிற்கிறார். தங்கும் நாளில் குளிக்கமுன் போன் எடு, பிறகு நித்திரையாகிவிடுவாய்.

அன்புடன்,
அம்மா