நாடக சபா ஆண்டறிக்கை: திரைக்குப் பின்னால் பழைய வேலைமுறைகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சித்திரைத் திருவிழாவில் வழக்கம்போல ‘வள்ளி திருமணம்’ போட்டோம், எல்லோரும் பார்த்ததுதான். செயற்குழு இந்த ஆண்டு முக்கியமாகச் செய்த வேலை வேறு. சபாவின் தொடக்க காலத்தில் திரைக்குப் பின்னால் நின்ற மூத்தவர்களிடம் கேட்டு, அன்றைய வேலைமுறைகளை எழுதி வாங்கியிருக்கிறோம். அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுப் புத்தகம் மதுரையில் கிடைக்கும். நம் குன்னூர் மூடுபனியில் சீன், அதாவது வண்ணம் தீட்டிய துணித் திரை, தூக்கும் வித்தை அங்கே கிடைக்காது.

முதலில் சீன். வஜ்ரப் பசை காய்ச்சிக் கலந்த வண்ணம் ஈரம் பட்டால் இளகும். ஈரத்தோடு சுருட்டினால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அதில் வரைந்த தர்பார் தூணெல்லாம் உரிந்து வந்துவிடும். அதனால் நாடகம் முடிந்ததும் சுருட்டாமல் உள்ளறையில் தொங்கவிட்டு, நிழலில் காய்ந்த பிறகு வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி மூங்கிலில் சுற்றுவார்கள். உள்பக்கமாகச் சுற்றினால் வெடிப்பு விழும். இன்னொரு தொல்லை கயிறு. சணல் கயிறு நனைந்தால் நீளம் குறையும். மேடையின் திறந்த பக்கத்துக் கயிறு முதலில் நனைவதால், இரவு ஏற ஏறச் சீன் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாகத் தொங்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டவே ஒரு ஆள் கப்பியடியில் நிற்பார்.

முகத்தில் பூசும் முத்துவெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைப்பது கீழ்நாட்டு வழக்கம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அந்த எண்ணெய் உறையும்; இங்கே சித்திரை இரவிலும் உறையும். உறைந்த எண்ணெயில் வெள்ளை திட்டுத்திட்டாக நிற்கும். கிண்ணத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துத்தான் குழைக்க வேண்டும். வேடம் கலைப்பதற்கு நல்லெண்ணெய். மீசை ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால், தர்க்கப் பாட்டின் நடுவிலேயே வேடன் மீசை கழன்றுவிடும்!

பெட்ரோமாக்ஸை ஸ்பிரிட் ஊற்றி நன்றாகச் சூடேற்றாமல் பம்ப் அடித்தால், மண்ணெண்ணெய் ஆவியாகாமல் தீயாக எழும்பி மேன்டில் வலையைக் கரியாக்கிவிடும். குளிரில் இதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லாததால் இரவுக் காட்சிக்குத் தகர மறைப்பு வைத்தார்கள்.

ஈரத்தில் ஹார்மோனியத்தின் சுதி பெரிதாக அசையாது, மிருதங்கம் இறங்கிவிடும். கரி அடுப்பில் காட்டலாம், ஆனால் தள்ளிப் பிடிக்க வேண்டும். நெருக்கினால் வலந்தலையில் உள்ள கறுப்புக் கரணை வெடிக்கும். ஹார்மோனியத்தில் ஒரு கட்டை பேசாவிட்டால் ஒலி எழுப்பும் உலோகத் தகடான ரீடுக்கு அடியில் மெல்லிய தாளைச் செருகி இழுத்தால் போதும். எண்ணெய் விடவே கூடாது. ரீடைச் சுரண்டுவது அதைவிட மோசம்.

பழைய தர்பார் சீனுக்குப் பதிலாக ஃபிளெக்ஸ் அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஃபிளெக்ஸ் விளக்கொளியில் பளபளத்து நடிகர் முகத்தை அமுக்கிவிடும் என்பதால், துணியையே ஒட்டுப்போட்டுக் காப்பதெனச் செயற்குழு முடிவெடுத்தது. அச்செலவுக்குப் பொதுக்குழு அனுமதி தர வேண்டுகிறோம். தை மாதத்தில் எல்லாச் சீன்களையும் இறக்கி உலர்த்த ஆட்கள் தேவை. வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்