பனிக்காட்டில் எங்கள் வண்டியைக் கிளப்பித் தந்த அண்ணனுக்கு

வேட்டைக்குப் போன இடத்தில் இரவுக் குளிர் மைனஸ் 25 டிகிரிக்கு இறங்கிவிட்டது. காலையில் கிளம்பிய டீசல் டிரக் கொஞ்ச தூரத்திலேயே திணறி நின்றது. போனில் சிக்னலும் இல்லை.

நாங்கள் கை காட்டும் முன்பே நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக மெழுகு! டீசலிலேயே இருக்கும் மெழுகு கடுங்குளிரில் கட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும் என்றீர்கள். உறையாமல் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கலந்தால்தான் பலன். உறைந்த பிறகு, கரைக்கிற மருந்துதான் வேண்டும். அதையும் உங்கள் வண்டிக்கென வைத்திருந்த புது ஃபில்டரையும் எடுத்துக் கொடுத்தீர்கள். விரல்கள் விறைக்க நீங்களே மாட்டினீர்கள். அப்புறம் பெரிய சாலை வரை பின்னாலேயே வந்தீர்கள். அதை யார் செய்வார்கள்?

பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. உங்களுக்காக ஒரு புது ஃபில்டர் வாங்கி வைத்திருக்கிறோம்.