10 ஸ்பீடுனு போட்டிருந்தா மட்டும் சேராது மாப்ள

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. முட்டி வலி குறைஞ்சு மறுபடி சைக்கிள் எடுத்துட்டேன்னு படிச்சதும் அவ்வளவு சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பெரியவ வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா, பகல்ல வீடு வெறிச்சுனு கிடக்கு. அதெல்லாம் அப்புறம் எழுதறேன், நீ அனுப்பின போட்டோவ பாத்ததுல இருந்து மனசு உன் கியர்லயே இருக்கு.

உடைஞ்ச டீரெய்லருக்கு (பின்னாடி செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளற பாகம்) பதிலா கடைல மாட்டி விட்டது மவுண்டன் பைக்கோட 10 ஸ்பீடு, அதாவது பின்னாடி 10 பல்சக்கரம் இருக்கறதுக்கானது. உன் ஹேண்டில்ல இருக்கறது ரோடு பைக்கோட டியாக்ரா 4600 ஷிஃப்டர் (கியர் மாத்தற லீவர்), அதுவும் 10 ஸ்பீடு. ரெண்டுமே ஷிமானோ கம்பெனி, ரெண்டுலயும் 10னு போட்டிருக்கு, சேரும்னுதான் யாருக்கும் தோணும், ஆனா சேராது. உன் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு சுமாரா 2.3 மில்லிமீட்டர் கேபிள் இழுக்கும், பழைய டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகரும், அதாவது 3.9. கேசட்ல, அதாவது பின்வீல்ல இருக்கற பல்சக்கர அடுக்குல, ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 3.95, அதனால கச்சிதமா உக்காந்துச்சு. இப்ப மாட்டினதுல அந்த மடங்கு 1.2 தான், ஒரு கிளிக்குக்கு 2.8 கூட வராது. மொத கிளிக்ல கரகரனு சத்தம், ரெண்டாவதுல செயின் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தத்தளிக்கும், மூணு கிளிக் போனா கிட்டத்தட்ட ஒரு முழு சக்கரம் பின்தங்கிடும். மேட்டுல உனக்கு பெரிய பல்சக்கரத்துல செயின் விழவே மாட்டேங்குதுன்னு எழுதிருந்தியே, அது இதனாலதான், கடைசி கிளிக் வரைக்கும் அழுத்தினாலும் டீரெய்லர் அங்க போய் சேராது.

ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்னு கடைல சொன்னாங்களாமே, எனக்கு கோவமே வந்துடுச்சு. புது கேபிள் கொஞ்சம் தளரும், வாஸ்தவம்தான், ஆனா அது எல்லா கியரையும் ஒரே அளவு தள்ளும், கேபிளை இறுக்கற பேரல் அட்ஜஸ்டரை ஒரு திருகு திருகினா சரியாயிடும். இது ஒவ்வொரு கிளிக்குலயும் கூடிக்கிட்டே போற வித்தியாசம், ஒரு பக்கம் சரி பண்ணா மறுபக்கம் கெட்டுடும். ஹேங்கர் (டீரெய்லர் தொங்கற கொக்கி) வளைஞ்சிருக்கு, கேசட் தேஞ்சிருக்குனு சொல்லி இன்னும் எதையாவது மாத்த சொன்னா ஒத்துக்காத.

உன் கேசட்ல பெரிய சக்கரம் 34 பல்லு, அதுக்கு செயினை இழுத்துப் பிடிக்கற கூண்டு நீளமா இருக்கற டீரெய்லர்தான் வேணும். பழைய 9 ஸ்பீடு மவுண்டன் டீரெய்லர் தேடு, ஷிமானோல டியோரேவோ ஆலிவியோவோ எதுனாலும் பரவால்ல. 9னு போட்டிருக்கேனு யோசிக்காத, அதுல மடங்கு 1.7 தான், உன் ஷிஃப்டர் கேசட் செயின் எதையும் மாத்த வேண்டாம். அதே கம்பெனில புதுசா வர்ற க்யூஸ் 9 ஸ்பீடு மட்டும் வேண்டாம், அதோட கணக்கு வேற.

ஒரு விஷயம் மறக்காம செய் டா. பெரிய சக்கரத்துக்கு ஏத்தறேன்னு புதுசா மாட்டற டீரெய்லர்லயும் லோ ஸ்க்ரூவ (பெரிய சக்கரத்தைத் தாண்டிப் போகாம தடுக்கறது) கன்னாபின்னானு தளத்தி விட்டுடப் போறாங்க, இது அந்தப் பக்கம் நல்லாவே நகரும், ஸ்க்ரூ தடுக்கலன்னா செயின் சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள்ள விழுந்துடும், மேட்டுல அழுத்தி மிதிக்கும்போது அப்படி ஆனா ஆளையே கீழ தள்ளிடும். வண்டிய ஸ்டாண்டுல தூக்கி வச்சு, பெரிய சக்கரத்துல செயின் இருக்கும்போது டீரெய்லரை கையால உள்பக்கம் தள்ளிப் பாரு, அதுக்கு மேல நகரக் கூடாது. அதுக்கப்புறம் ரோட்டுல எறக்கு.

பார்ட் கிடைச்சதும் மாட்டறதுக்கு முன்னாடி மேல இருக்கற நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்து சொல்றேன்.

உன் மாப்ள