டயர் உன் அறையில்தான் இருக்கிறது

ஆக்ரன், ஒஹாயோ

அன்பு மகனுக்கு,

நேற்று நீ போனை வைத்த விதத்தில் கோபம் தெரிந்தது. வைத்த பிறகு உனக்கே வருத்தமாக இருந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். பேசும்போது நீ குறுக்கே குறுக்கே வருகிறாய், எனக்கும் மூச்சு வாங்குகிறது. எழுதினால் நீ கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விற்பதற்கு முன் அப்பாவின் 1978 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் கை வைத்துவிட்டேன் என்பது உன் குற்றச்சாட்டு. வைத்தேன். நாலு டயரும் மாற்றினேன். பிரேக்கைப் பிரித்துப் போட்டேன். 1,870 மைல் மட்டும் ஓடிய ஒரிஜினல் காரை அம்மா கெடுத்துவிட்டாள் என்று நீ நினைக்கிறாய். காரை விற்றுத் தருகிற அந்த புரோக்கரும் எதையும் தொடாதீர்கள், தூசியைக்கூடத் துடைக்காதீர்கள் என்றுதான் சொன்னார். அவர் காரை ஓட்டப் போகிறவர் இல்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு போகிறவர்.

முதலில் அக்டோபரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை உன்னிடம் மறைத்துவிட்டேன். படம் எடுப்பதற்காகக் காரை கராஜிலிருந்து வெளியே எடுத்தேன். பேட்டரி புதிது, எஞ்சின் இரண்டு தும்மல் தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ரிவர்ஸில் மெதுவாக வெளியே வந்து பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் தரை வரை போனது. மறுபடி மிதித்தேன், பஞ்சை மிதிப்பது போல இருந்தது. நம் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும், உனக்குத் தெரியுமே. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். தபால் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் அப்போதுதான் சைக்கிளில் அந்த வழியாகப் போயிருந்தார்கள்.

அன்று மாலை டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கராஜில் உட்கார்ந்தேன். பின் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் எண்ணெய் வடிந்திருந்தது. இந்தக் கார்வெட்டுகளில் இது ஊரறிந்த வியாதி. நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒவ்வொன்றிலும் நாலு பிஸ்டன். காலிப்பரின் உடம்பு வார்ப்பிரும்பு. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் உள்சுவரை அரித்துக் குழி போடும், குழி வழியாக எண்ணெய் கசியும். ஓடுகிற வண்டியைவிடச் சும்மா நிற்கிற வண்டிக்குத்தான் இது சீக்கிரம் வரும். ஓடாமல் வைத்திருந்ததால் கார் புதிதாகவே இருக்கிறது என்று நாமெல்லோரும் நினைத்திருந்தோம். ஓடாமலே கிழடாகியிருந்தது.

அப்புறம் டயருக்கு வருகிறேன். இதில் நான் உன் அம்மா என்பதைவிட முப்பத்தோரு வருடம் ரப்பர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்று நினைத்துப் படி.

குலசேகரத்தில் உன் தாத்தா விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போவார். சிரட்டையில் சொட்டும் பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துப் புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். அந்த வாசனையில் வளர்ந்தவள் நான். ரப்பர் கல்லோ இரும்போ இல்லை, மரத்திலிருந்து வந்த பொருள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி எவ்வளவு கெட்டிப்படுத்தினாலும் அது மெல்ல மெல்லச் செத்துக்கொண்டுதான் இருக்கும். பீரோவில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பார், பட்டென்று அறும். யாரும் அதை ஒரு நாள்கூட உபயோகித்திருக்க மாட்டார்கள்.

வெளிக்காற்றிலுள்ள ஓசோனால் டயர் விரிசல் விடாமலிருக்க ரப்பரில் மெழுகும் வேறு சில ரசாயனங்களும் கலப்போம். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேலே வந்து ஒரு மெல்லிய தோல் போலப் படியும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்காது. அதைவிட மோசமானது உள்ளே நடப்பது. அடைத்து வைத்த காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பருக்குள் ஊடுருவி, எஃகுக் கம்பி அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ரப்பரைக் கெட்டியாக்கிவிடும். வெளியே ஒரு கீறல் தெரியாது. சூடேறி வேகம் பிடித்ததும் மேல் அடுக்கு மொத்தமாக உரிந்துகொண்டு போகும்.

நீ போனில் சொன்னாய், டயரில் ரப்பர் முடிகூட உதிரவில்லை, பட்டனெல்லாம் புதிதாக இருக்கிறது என்று. எனக்குப் பயமே அதுதான். தேய்ந்த டயரைக் கண்டால் யாரும் உஷாராகிவிடுவார்கள். இது பார்க்கிறவனை ஏமாற்றும். பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படித்தேன். கடைசி மூன்று இலக்கம் 098. எட்டில் முடியும் வருடத்தின் ஒன்பதாவது வாரம். 2000க்கு முன்னால் மூன்று இலக்கம்தான் போடுவார்கள், எந்தப் பத்தாண்டு என்று அதில் தெரியாது. இந்தக் காரோடு சேர்த்துப் பார்த்தால் 1978 பிப்ரவரி கடைசி. உன்னைவிட வயதானது, மக்களே. இந்த ஊரின் குட்இயர் கம்பெனி டயர்தான், என் ஊர்க்காரன் என்று எனக்குப் பாசம் உண்டு. பாசத்துக்காக அதில் ஒருவனை ஏற்றி ஹைவேக்கு அனுப்ப முடியாது.

2012இல் இங்கிலாந்தில் சர்ரே பக்கம் ஒரு பஸ் மரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். இசை விழாவுக்குப் போனவர்களைத் திரும்ப அழைத்து வந்த பஸ். முன் டயர் ஒன்று வெடித்தது. அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை, பஸ்ஸைவிட மூத்தது. இறந்தவர்களில் ஒரு பையனுக்குப் பதினெட்டு வயது. அவனுடைய அம்மா விடவே இல்லை, வருடக்கணக்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டினாள். 2021இலிருந்து அங்கே லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் போடக்கூடாது என்று சட்டம். அந்த அம்மாவைப் பற்றி ஆய்வகத்து மத்தியானச் சாப்பாட்டில் நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். நடிகர் பால் வாக்கர் 2013இல் இறந்தாரே, அந்த போர்ஷேயின் டயருக்கும் ஒன்பது வயது என்று விசாரணையில் சொன்னார்கள். அதில் வேகம்தான் முதல் காரணம், ஒப்புக்கொள்கிறேன். நம் கார் டயருக்கு வயது அதைப்போல ஐந்து மடங்கு.

வாங்குகிறவர் ஓட்ட மாட்டார், ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்க் கண்காட்சியில் வைப்பார் என்கிறாய். இருக்கலாம். 1994இல் உன் அப்பாவும் இந்தியானாவிலிருந்து ட்ரெய்லரில்தான் கொண்டுவந்தார். அப்போதே டயருக்குப் பதினாறு வயது. இறக்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனார். நான் சண்டை போட்டேன், உனக்கு ஞாபகம் இருக்காது. சாவி கையில் இருந்தால் எவனும் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்ப்பான்.

இப்போது பணத்தைப் பேசுவோம், உனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. குறை சொல்லவில்லை, பங்கு உனக்கும் உண்டு.

1978இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முன்னால் போகும் பேஸ் காராக முதல் தடவை கார்வெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கறுப்பு, வெள்ளி நிறத்தில் 6,502 கார் செய்து விற்றார்கள், நம்முடையது அதில் ஒன்று. சாதாரண கார்வெட் 9,352 டாலர், இதற்கு 13,653. டீலர்கள் அதற்கும் மேல் இரட்டிப்பாகக் கேட்டார்கள். பத்திரிகையெல்லாம் முதலீடு, முதலீடு என்று எழுத, ஜனங்கள் வாங்கி ஓட்டாமல் கராஜில் போர்த்தி வைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே யோசனை செய்தால் என்ன ஆகும்? மைல் ஓடாத பேஸ் கார் எப்போது வேண்டுமானாலும் சந்தையில் கிடைக்கும். அன்றைய விலையை இன்றைய பணத்தில் சொன்னால் 60,000 டாலரைத் தாண்டும். நமக்கு அதில் பாதி வந்தாலே நல்ல விலை. உன் அப்பா இதை உன் காலேஜ் ஃபீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவேளை, நான் தனியாக வங்கியில் போட்டு வைத்தேன்.

ஆகவே நம்மிடம் இருப்பது அபூர்வமான கார் இல்லை. பத்திரமாக வைத்திருந்த கார். அதனால்தான் எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று பல நாள் யோசித்தேன். கழற்றித் திரும்ப மாட்ட முடிகிற எதையும் மாற்றலாம், பழையதை எடுத்து வைத்துவிட்டால் போதும். ஒருமுறை போனால் திரும்பாததை விரலால்கூடத் தொடக்கூடாது.

கதவுக்கு ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்களை அந்தக் காலத்தில் பெட்டியில் போட்டுத்தான் கொடுத்தார்கள், வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளலாம். நம்முடையது இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. பந்தயக் கார் மாதிரி எடுப்பாக இருக்கும், ஒட்டிவிட்டுப் படம் எடுங்கள் என்று அதே புரோக்கர் சொன்னார் பார்! தூசியைத் துடைக்காதே என்ற ஆள்தான். கிடக்கட்டும் என்று விட்டேன். இடது கதவின் கீழே அப்பாவின் பெல்ட் உரசிய கீறல் இருக்கிறதே, அதையும் பாலிஷ் போடவில்லை. கறுப்புப் பெயின்ட் மெலிந்துபோனால் யார் திருப்பித் தருவார்கள்?

டயர் அப்படி இல்லை. அதே 255/60 அளவில், அதே வெள்ளை எழுத்து உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். காலிப்பரைப் புதிதாக வாங்காமல் இருக்கிறதையே உள்ளே துருப்பிடிக்காத எஃகு உறை போட்டுத் திரும்பக் கொடுத்தார்கள், வெளியே அச்சிட்ட எண்ணெல்லாம் அப்படியே இருக்கிறது. பிரேக் ஹோஸ், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றித் துணிச்சீட்டில் இடம் எழுதிக் கட்டி வைத்தேன். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கோந்து மாதிரி உறைந்திருந்தது, கழுவினோம். ஹெட்லைட் மூடி வாக்குவத்தில், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில், திறப்பது. ஒரு பக்கம் திறந்தது, இன்னொரு பக்கம் பாதியில் நின்றது, கண்ணடிப்பது போல. அதுவும் ரப்பர் குழாய் செத்ததுதான். நிறக்கோடு போட்ட பழைய குழாயும் பையில் இருக்கிறது. மொத்தம் 2,900 டாலர் ஆனது. என் பணம், உன் பங்கில் கழிக்க மாட்டேன்.

நீ பெரிதாகச் சொன்னாயே, கார்வெட் சங்கத்து நடுவர்கள் புள்ளி குறைப்பார்கள் என்று. உண்மைதான், டயரிலிருக்கும் வாரம்வரை பார்ப்பார்கள். கண்காட்சிக்குப் போகும் அன்று பழைய டயரை மாட்டிக்கொள்ளட்டும், அதற்குத்தான் வைத்திருக்கிறேன். 1974இல் தொடங்கிய அந்த நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி ஓட்டிக் காட்டும் சோதனை ஒன்றும் வைத்திருக்கிறது. காரை ரோட்டில் ஓட்டி, பிரேக், விளக்கு, ஹாரன், ரேடியோ வரை வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்களுடைய பெரிய விருதுக்கு அதில் தேற வேண்டும். பெடல் தரைக்குப் போகிற காரோடு அங்கே போய் நிற்க முடியுமா?

இன்னொன்று. இந்தக் காரின் மைல் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து வரும். 1,870 என்று நாம் சொல்வதை யாரும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதனால் முதல் சொந்தக்காரர் வைத்திருந்த, புதுக் கார் ஜன்னலில் ஒட்டி வரும் விலைச்சீட்டு, அப்பா சேர்த்த ரசீதுகள், முன்கண்ணாடி ஓரத் தகட்டில் இருக்கும் அடையாள எண்ணின் படம் (வரிசை எண் 9இல் தொடங்கினால்தான் நிஜ பேஸ் கார்), நான் மாற்றிய சாமான்களின் பட்டியல், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கட்டிவிட்டேன். அக்டோபரில் பிரேக் போனதையும் எழுதியிருக்கிறேன். அதை எடுத்துவிடச் சொல்லாதே, எடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை கொலம்பஸிலிருந்து ஒருவர் மனைவியோடு பார்க்க வருகிறார். ஓட்டிப் பார்க்கலாமா என்று போனிலேயே கேட்டார், தாராளமாக என்றேன். உனக்கு மே மாதம் லீவு கிடைக்கும் என்றால் அவரை ஒத்திப்போடச் சொல்கிறேன். விற்பதற்கு முன் ஒரு தடவை நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். இத்தனை வருடம் உன்னைத் தொடாதே தொடாதே என்றே விரட்டியிருக்கிறோம்.

பழைய டயர் நாலையும் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, வெயில் படாமல் உன் அறையில் அடுக்கியிருக்கிறேன். கராஜில் மின்சார மோட்டார் ஓடும்போது ஓசோன் வரும், அங்கே வைக்க மனமில்லை. கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை, கட்டில் மேலேயே வைத்துவிட்டேன். நீ வந்தால் சோபாவில்தான் படுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா