2021-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் குடும்பங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆண்டு பிறந்ததே ஊரடங்கில்தான். பொங்கல் விழாவை ஜூமில் வைத்தோம். அவரவர் வீட்டு அடுப்பில் பொங்கியதை அவரவர் போனில் காட்டியதோடு சரி. தமிழ்ப் பள்ளி கோடை விடுமுறை வரை இணையவழியில் நடந்து, செப்டம்பரில் மறுபடி ஹாலுக்கு வந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நாம் இழந்தவர்களுக்கும், ஊரில் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியாமல் போன உறவுகளுக்கும் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நம் சங்கத்து நர்ஸ்கள் இருவருக்கு நடத்திய பாராட்டு விழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

2020 வசந்தத்தில், பிரிட்டன் முழுவதும் செய்தது போல் நாமும் பத்து வாரம், வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு வாசலில் நின்று கைதட்டினோம். டாக்டர், வார்டு நர்ஸ், ஆம்புலன்ஸ் ஊழியர் என்று எல்லாரையும் நினைத்துத்தான் தட்டினோம். மருந்து ஆய்வுகளில் நோயாளிகளைச் சேர்த்து விவரம் பதியும் ஆராய்ச்சி நர்ஸ் என்று ஒருவர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நம் சங்கத்திலேயே அந்த வேலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். "அவங்க ஃபைல் பார்க்கிற நர்ஸ்" என்று சொல்லிவந்தோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதற்காக இருவரிடமும் அன்று மேடையிலேயே வருத்தம் தெரிவித்தேன்.

அவர்கள் வேலை செய்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு எந்த மருந்து பலன் தரும் என்று பார்த்த ரெக்கவரி ஆய்வில். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய இந்த ஆய்வில் முதல் நோயாளி சேர்ந்தது 2020 மார்ச் 19 அன்று. அப்போது கோவிட்டுக்கு எந்த மருந்து கேட்கும் என்று யாருக்குமே தெரியாது. ஆளுக்கொரு மருந்தைச் சொன்னார்கள். மூன்றே மாதத்தில், ஜூன் 16-ஆம் தேதி, டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு உயிரைக் காக்கிறது என்ற முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றவர்கள் 2,104 பேர், ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 4,321 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இந்த மருந்து இல்லாமல் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதம், மருந்து கொடுத்தபோது 29.3 சதவீதம். அதே மாதம் 5-ஆம் தேதி, ஊரெல்லாம் பேசப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தால் பலன் இல்லை என்பதையும் இதே ஆய்வு சொல்லிவிட்டது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? ஒவ்வொரு நோயாளியிடமும் யாரோ ஒருவர் போய் நின்று, விளக்கி, சம்மதம் வாங்கி, விவரம் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஆராய்ச்சி நர்ஸ்தான். வார்டில் ஆள் பற்றாததால் பல ஆராய்ச்சி நர்ஸ்கள் அந்த வேலைக்கும் போனார்கள். அதற்கு நடுவில்தான் ஆய்வு வேலையையும் செய்தார்கள்.

பெயர் வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். மூத்த அக்கா அன்று பேசியதில் சில விஷயங்கள் இன்னும் என் மனதில் நிற்கின்றன. முகக்கவசத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீல்டு, அதற்குள் மூச்சுப்பனி. நோயாளிக்கு இவர் முகமே தெரியாது என்பதால் ஏப்ரனில் மார்க்கர் பேனாவால் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டு போவாராம். கையெழுத்துப் போட்ட காகிதத்தை வார்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது. அதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிப் பிடிக்க, வெளியே நிற்கும் தோழி படம் எடுப்பார்.

ஒரு நாள் ஆக்சிஜன் மாஸ்க்கோடு இருந்த ஈழத்துப் பெரியவர் ஒருவர், இவர் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, என்னை வைச்சுச் சோதனை செய்யப் போறியளோ?" என்று கேட்டிருக்கிறார். "எந்த மருந்துன்னு நானும் முடிவு பண்ண மாட்டேன், டாக்டரும் முடிவு பண்ண மாட்டார் ஐயா. சீட்டுக் குலுக்குற மாதிரி கம்ப்யூட்டர்தான் சொல்லும். வேண்டாம்னு சொன்னாலும் உங்களுக்கு வைத்தியம் ஒண்ணும் குறையாது" என்று சொல்லியிருக்கிறார் அக்கா. "அப்ப நீங்கள் என்ன சொல்லுறியள்?" "நான் சொல்லக் கூடாதுங்க ஐயா. முடிவு உங்களோடது." சேரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உடனே சேர்ந்திருப்பார். அக்கா சொல்லவில்லை. வீட்டிலிருந்த அவர் மனைவியைப் போனில் பிடித்துக் கொடுத்து, இருவரும் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.

நோயாளி வீடு திரும்பிய நாள், இறந்த நாள், 28-ஆம் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அன்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தன்னிடம் சம்மதம் கொடுத்தவரின் படிவத்தில் 'இறந்தார்' என்ற கட்டத்தைத் தானே தேர்ந்தெடுத்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அக்காவால் தொடர முடியவில்லை. இளைய அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். ஹாலில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை.

டெக்சாமெத்தசோன் உலகம் முழுவதும் 10 லட்சம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று இந்த ஆண்டு மார்ச்சில், அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் இங்கிலாந்து மதிப்பிட்டது. நம் சொந்தக்காரர்கள் சிலரும் அதில் இருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். மே மாதம் ஊரில் இரண்டாம் அலை அடித்தபோது, காய்ச்சல் வந்த அன்றே கடையில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிட்டவர்களின் கதை தினமும் நமக்குப் போனில் வந்தது. இரண்டு அக்காக்களும் வேலை முடிந்து வந்து, நள்ளிரவு வரை வாட்ஸ்அப்பில் உட்கார்ந்து, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பலன் தெரியவில்லை, டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாக விளக்கினார்கள்.

பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினோம், பிள்ளைகள் பாடினார்கள், அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். பரிசுத் தொகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக அக்காக்கள் ஒன்று கேட்டார்கள்: மருத்துவ ஆய்வு என்றால் என்ன, சம்மதம் என்றால் என்ன என்பதைத் தமிழில் எளிமையாகச் சொல்லும் நான்கு பக்கக் கையேடு. ஒரு குறிப்பிட்ட ஆய்வின் படிவத்தை நாமாக மொழிபெயர்த்து யாருக்கும் கொடுக்க முடியாது. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பொதுவான கையேடு என்றால் நாமே செய்யலாம். வரைவு தயாராக இருக்கிறது. அச்சுச் செலவுக்குப் பொதுக்குழு இன்று ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பது மூத்த அக்காவின் நிபந்தனை.

நன்றி, வணக்கம்.
செயலாளர்