மின்மானி அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் பத்திரிகையில், மின்சாரக் கம்பனியை மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தபால் குறியீட்டைப் போட்டு, வருகிற பட்டியலில் உங்கள் வீட்டைத் தெரிவு செய்தால் வேலை முடிந்தது என்று அதில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் வீட்டைத் தெரிவு செய்த இடத்தில்தான் எங்களுக்கு ஏழு மாதச் சிக்கல் தொடங்கியது. இலண்டனில் எங்கள் சனங்கள் பலர் எங்களைப் போலவே பிரித்த வீடுகளில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் டூட்டிங்கில் இருக்கிறேன். பத்தொன்பது வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஊரில், பருத்தித்துறைப் பக்கம், தபால்காரருக்குப் பெயரும் குறிச்சியும் போதும். மிச்சம் அவருக்குத் தெரியும். இங்கே ஒரு எழுத்து மாறினால் கடிதம் வேறு கதவுக்குப் போய்விடும். அதனால் விலாசம் என்றால் எனக்குக் கொஞ்சம் கவனம் அதிகம்.

எங்களுடையது நூறு வருடத்துக்கு மேல் பழைய வீடு. யாரோ ஒருவர் எப்போதோ அதை இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்திருக்கிறார். கீழே நானும் மனைவியும். மேலே 2024 ஜனவரியில் ஒரு தாதி இரண்டு பிள்ளைகளுடன் வாடகைக்கு வந்தார். முன்கதவு ஒன்று. படிக்குக் கீழே ஒரு சின்ன அலுமாரி; அதற்குள் இரண்டு மின்மானிகள்.

தபால் பட்டியலில் நாங்கள் 47, மேல்வீடு 47ஏ. நகரசபை வரிப் புத்தகத்தில் "தரைத்தள ஃபிளாட்", "முதலாம் மாடி ஃபிளாட்". வீதியில் மின்கம்பி வைத்திருக்கிற விநியோக நிறுவனத்தின் பதிவேட்டிலோ கீழ்வீடு "ஃபிளாட் ஏ", மேல்வீடு "ஃபிளாட் பி". பிரித்துக் கட்டிய காலத்தில் கட்டடக்காரர் கொடுத்த பெயர் அதுவாக இருக்க வேண்டும். அதைப் பிறகு எவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டிய அவசியமும் எவருக்கும் வரவில்லை.

மார்ச் மாதம் மேல்வீட்டுத் தங்கச்சி மலிவான கம்பனி ஒன்றுக்கு மாற விண்ணப்பித்தார். அவருடைய விலாசம் 47ஏ. கம்பனியின் இணையப் பட்டியலில் 47ஏ என்று ஒன்றுமில்லை. "ஃபிளாட் ஏ, 47", "ஃபிளாட் பி, 47" என்று இரண்டுதான் இருந்தன. ஏ இருந்ததை அவர் தெரிவு செய்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் தெரிவு செய்திருப்பேன். அவர் தெரிவு செய்தது எங்கள் மின்மானியை.

இந்த நாட்டில் 2022 ஜூலை 18 முதல் மின்சாரக் கம்பனி மாறுவதற்கு ஐந்து வேலை நாட்கள் போதும். முன்பு கிழமைக்கணக்கில் எடுத்த வேலை அது. நல்ல மாற்றம்தான். ஆனால் தவறான மாற்றத்துக்கும் அதே ஐந்து நாள்தான். நாங்கள் அந்த நேரம் கனடாவில் ஒரு மரணவீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது, நாங்கள் விலகிப் போவதற்கு வருந்துவதாகப் பழைய கம்பனியின் கடிதம் கதவடியில் கிடந்தது. நாங்கள் எங்கும் போகவில்லை.

பழைய கம்பனிக்கு எடுத்தேன். நீங்கள் கேட்டபடியே மாற்றிவிட்டோம், புதிய கம்பனியிடம் கதையுங்கள் என்றார்கள். புதிய கம்பனிக்கு எடுத்தேன். அந்தக் கணக்கில் உங்கள் பெயர் இல்லை, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களுடன் கதைக்க முடியாது என்றார்கள். என் வீட்டு விளக்கு எரிகிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதைக்கூட எனக்குச் சொல்ல முடியாது என்றார்கள். மாதாமாதம் கட்டுகிற 62 பவுணைத் தனியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டுவைக்கத் தொடங்கினேன். எப்போதோ ஒருநாள் எவரோ கேட்பார்கள் என்று தெரியும்.

ஒருநாள் 'சிற்றிசன்ஸ் அட்வைஸ்' என்ற இலவச ஆலோசனை அமைப்பின் உதவி இலக்கத்தில் ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு "எரோனியஸ் ட்ரான்ஸ்ஃபர்" (தவறான மாற்றம்) என்று பெயர், அந்தச் சொல்லையே பாவியுங்கள் என்றார். அடுத்த முறை அந்தச் சொல்லைச் சொன்னதும் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தவறாக மாற்றப்பட்ட வாடிக்கையாளர் இரண்டு கம்பனிகளில் எதனிடம் முறையிட்டாலும், அந்தக் கம்பனியே மற்றதுடன் கதைத்துத் தீர்க்க வேண்டும் என்று கம்பனிகளுக்கிடையே ஓர் உடன்பாடு பல வருடமாக இருக்கிறது. என்ன செய்யப்போகிறோம் என்பதை 20 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நான் மூன்று மாதம் இரண்டு பக்கமும் அலைந்தபிறகுதான் இது எனக்குத் தெரியவந்தது.

அதற்குப் பிறகும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு மின் இணைப்புக்கும் 13 இலக்க எண் ஒன்று உண்டு. பில்லில் பெரிய எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரியாக அச்சிட்டிருப்பார்கள். கீழ்வரிதான் அந்த 13 இலக்கம். முதல் இரண்டு இலக்கமும் எந்த விநியோக வட்டாரம் என்று காட்டும். மின்சாரம் அரசிடம் இருந்த காலத்து 14 வட்டாரங்களும் 10 முதல் 23 வரை எண்களாக இன்னும் அதில் இருக்கின்றன. எங்களுடையது 12, இலண்டன். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் இலக்கம். ஒன்றைப் பிழையாக அடித்தால் கணினி பிடித்துவிடும்.

இரண்டு கம்பனிகளும் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டன. 13 இலக்கமும் ஒன்றாக இருந்தது. விலாசம் இரண்டிலும் "ஃபிளாட் ஏ". மின்மானியின் தொடர் எண்ணும் ஒன்றே. ஒப்பந்தம் செய்தவர் மேல்வீட்டுக்காரர், ஒப்பந்தமும் செல்லுபடியானது. ஆகவே தவறு எதுவும் இல்லை என்று எனக்கு எழுதினார்கள். எழுதியவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய திரையில் எல்லாமே பொருந்தித்தான் இருந்திருக்கும். இரண்டு பதிவேடுகளும் ஒரே தாயிடமிருந்து, விநியோக நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து, வந்தவை. ஒன்றோடு ஒன்றைப் பார்த்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? பொருந்தாதது பதிவேட்டுக்கும் படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்கும் இடையில். அங்கே வந்து பார்க்க எவருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

இதற்கிடையில் மேல்வீட்டின் உண்மையான மின்மானி மூன்றாவது கம்பனி ஒன்றில், முன்பு குடியிருந்தவரின் பெயரிலேயே இருந்தது. அந்தப் பெயருக்குச் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் வந்தன. மற்றவர் பெயர்க் கடிதத்தை உடைக்கக்கூடாது என்று தெரிந்த பிள்ளை அவர். "இந்த விலாசத்தில் இல்லை" என்று எழுதித் திருப்பிப் போட்டார். பிறகு பெயரில்லாமல் "குடியிருப்பவர்" என்று வந்தது. அதைத் திறந்தபோது, கடன் வசூலிப்பவர்களிடம் ஒப்படைக்கப்போகிறோம் என்று இருந்தது. இரவு வேலை முடித்து வந்தவர் காலை ஏழரைக்கு எங்கள் கதவைத் தட்டினார். அவர் கையில் அந்தக் கடிதம். தன் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறேனே அண்ணா என்றார். உண்மைதான், கட்டிக்கொண்டுதான் இருந்தார். கட்டியது எங்கள் பில்லை. இரண்டு கிழடுகளின் பில் என்பதால் அது சின்னதாக இருந்தது. கம்பனி மாறியதில் நல்ல மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் இரண்டு குடும்பமும் அலுமாரியைத் திறந்தோம். எங்கள் மின்மானிகளில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது. ஒரு கிலோவாட் மணிக்கு ஆயிரம் தரம் சிமிட்டும் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். அவர் மேலே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பிள்ளைகள் இரண்டும் படியில் நின்று "ஓஃப்" என்று கத்தினார்கள். மனைவி குசினியில் கேத்திலைப் போட்டார். இடப்பக்க மின்மானி வேகமாகச் சிமிட்டியது. வலப்பக்கம் சிமிட்டுவதை நிறுத்திவிட்டது. பிறகு நாங்கள் அணைத்தோம், அவர் போட்டார். மாறி நடந்தது. இடப்பக்கம் எங்களுடையது. அதன் பட்டைக்கோட்டுக்குக் கீழே இருந்த தொடர் எண், மேல்வீட்டாரின் பில்லில் இருந்தது. பத்து நிமிடம் ஆகவில்லை.

இரண்டு மின்மானியையும், இரண்டு பில்லையும், இரண்டு வீட்டுக் கதவையும் படம் எடுத்து, நாங்கள் இருவரும் கையெழுத்து வைத்த ஒரு கடிதத்துடன் மூன்று கம்பனிக்கும் அனுப்பினோம். முறையிட்டு எட்டுக் கிழமை கடந்தால் எரிசக்திக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம், போவோம் என்றும் எழுதினோம். அதன்பிறகு ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்தார். அவரும் இதே பரிசோதனையைத்தான் செய்தார். கால் மணி நேரம். ஒக்ரோபரில் நாங்கள் விலகாதது போலவே பழைய கம்பனியில் மீண்டும் சேர்க்கப்பட்டோம். சேர்த்துவைத்த காசைக் கட்டினேன். 30 பவுண் நட்டஈடு வந்தது. தவறான மாற்றத்துக்கு நட்டஈடு கொடுக்க விதி இருக்கிறது.

மேல்வீட்டாருக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. எங்கள் பில்லுக்கு அவர் கட்டியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் தன் மின்மானியில் ஜனவரி முதல் ஓடிய முழுவதுக்கும் மூன்றாவது கம்பனி ஒரே தடவையில் 1,180 பவுண் கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய பாவனைக்குப் பின்னோக்கிப் பில் போடக்கூடாது என்று 2018 மே முதல் விதி உண்டு. இவருடையது பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டதால் அது உதவவில்லை. எது முடியும் என்று கேட்டுத் தவணை போட்டுக்கொடுக்க வேண்டியது கம்பனியின் கடமை என்று மீண்டும் மீண்டும் எழுதித்தான் மாதம் 50 பவுணாக மாற்றினோம். பட்டியலில் தன் விலாசம் இல்லாத ஒரு குற்றத்துக்கு அந்தப் பிள்ளை இரண்டு வருடம் கட்டப்போகிறது.

இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது இன்னொன்றும் அறிந்தேன். கம்பனிகள் தங்களுக்குள் மொத்தச் சந்தையில் வாங்கிய மின்சாரத்தை அரை மணிக்கு அரை மணி கணக்கிடுகின்றன. 'எலெக்சன்' என்ற அமைப்பு அந்தக் கணக்கைப் புதிய மின்மானி வாசிப்புகள் வரவரத் திரும்பத் திரும்பத் திருத்துகிறது. நெடுங்காலமாக இருந்த முறைப்படி கடைசித் திருத்தம் 14 மாதத்துக்குப் பிறகுதான். கம்பனிக்கும் கம்பனிக்கும் இடையில் இவ்வளவு பொறுமையாகக் கணக்குத் தீர்க்கத் தெரிந்த துறைக்கு, ஒரு வீட்டு வாசலுக்கு ஒரு ஆளை அனுப்ப ஏழு மாதம் எடுத்திருக்கக் கூடாது.

விலாசங்களைச் சீராக்க வேலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 மாற்றத்தோடு மின்சார, எரிவாயு இணைப்புகளை ஒரே விலாசத்துடன் பொருத்தி ஒரு பொதுத் தரவுத்தொகுப்பை உண்டாக்கியிருக்கிறார்கள். தனிவீடுகளுக்கு அது நன்றாக வேலை செய்யும். கடைக்கு மேலே இருக்கிற ஃபிளாட், பின்கதவால் போகிற ஃபிளாட், பிரித்த பழைய வீடு, "பிளொட் 14" என்று கட்டடக்காரர் பதிந்த பெயர் மாறாமலே கிடக்கிற புதிய வீடு, இவைதான் சறுக்குகிற இடங்கள். தபால் நிலையத்தில் எங்களுக்கும் இதே இடங்கள்தான் தலையிடி. அங்கே முடிவு செய்ய முடியாத கடிதத்தை அந்தப் பாதையில் போகிற தபால்காரரிடம் கொடுப்போம். கதவைப் பார்த்தவர் அவர்.

மின்சார, எரிவாயுக் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் அமைப்பிடம் நான் கேட்பது இரண்டு. மாறுவதற்கு விண்ணப்பிக்கும்போது, பதிவேட்டில் உள்ள மின்மானித் தொடர் எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டி, "இந்த எண் உங்கள் மின்மானியில் இருக்கிறதா?" என்று கேட்காமல் மாற்றத்தை முடிக்கக்கூடாது. தங்கச்சியிடம் மார்ச்சில் அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மற்றது, பதிவுகள் ஒத்துப்போகின்றன என்று பதில் எழுதுவதற்கு முன் ஒரு ஆள் வந்து மின்மானியைப் பார்த்திருக்க வேண்டும், அதற்கும் நாட்கணக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எழுதி எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

வாசகர்களிடம் கேட்பது சின்ன வேலை. பில்லையும் ஒரு ரோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் போங்கள். தொடர் எண் ஒன்றா என்று பாருங்கள். ஃபிளாட் என்றால் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எண் ஒத்துப்போனாலும் மின்மானி உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் கதைக்கத் தயங்கி, வந்த பில்லைக் கட்டிக்கொண்டே இருக்கிற மூத்தவர்கள் எங்கள் கோயிலிலேயே எத்தனையோ பேர். அவர்களின் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

எங்கள் விலாசத்தைத் திருத்தும்படி கம்பனி மூலமாக விநியோக நிறுவனத்துக்கு நவம்பரில் எழுதினோம். இப்போது பதிவேட்டில் கீழ்வீடு 47 என்று வந்துவிட்டது. மேல்வீடு, நான் போன கிழமை பார்த்தபோதும், "ஃபிளாட் பி" என்றே இருந்தது. மீண்டும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
டூட்டிங், இலண்டன்.
(பக்கத்து வீட்டாரின் விபரமும் இதில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)