காலையில் பத்து நிமிடம் ஓடவிடுவதால் என்ஜினுக்கு நன்மையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, 'சூடாகட்டும்' என்று பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுகிறார்கள். சிலர் நடுவே ரேஸும் கொடுக்கிறார்கள். சமவெளியில் இருப்பவர்களோ, இங்கே ஏது குளிர் என்று சாவியைத் திருப்பிய கையோடு விரட்டுகிறார்கள். இரண்டுமே என்ஜினைத் தேய்க்கும் பழக்கங்கள்.

என்ஜினின் வேலை வெப்பம் சுமார் 90 டிகிரி. இரவு முழுக்க நின்ற கார் சென்னையில் 28 டிகிரியில் இருந்தாலும், என்ஜினுக்கு அது குளிர்தான். மேலே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் பகுதியில் இருந்த ஆயில், அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிந்து, மெல்லிய படலம் மட்டும் ஒட்டியிருக்கும். பம்ப் மறுபடி ஆயிலை ஏற்றும் முதல் சில நொடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. தேய்மானம் அத்தோடு நிற்பதில்லை. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் இஞ்செக்டர் கூடுதலாகத் தெளிக்கிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே சம்ப்பில் இறங்குகிறது. எரிந்த புகையிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து, அமிலத்தோடு சேர்ந்து அரிக்கிறது. நின்ற இடத்திலேயே ஓடும் ஐட்லிங்கில் சுமை இல்லாததால் வெப்பம் மெல்லத்தான் ஏறும். அதாவது, இந்தக் கழுவலும் அரிப்பும் நடக்கும் நேரத்தை நாமே நீட்டிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது எளிது. ஏ.சி.யையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, சாவியை 'ஆன்' நிலையில் இரண்டு நொடி நிறுத்துங்கள். டீசல் காரில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். ஆயில் அழுத்த விளக்கு இரண்டு மூன்று நொடிக்குள் அணைய வேண்டும். சமவெளியில் 15 முதல் 30 நொடி போதும். வாசலிலேயே ஏற்றம் தொடங்கும் மலையூர்களில் ஒரு நிமிடம். பிறகு கிளம்பி, முதல் ஐந்தாறு கிலோமீட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 1,500-க்கும் 2,500-க்கும் இடைப்பட்ட சுற்றில் இருக்கும்படி ஓட்டுங்கள். ஏற்றத்தில் மேல் கியரில் திணறவிடுவதும் கெடுதல்தான். ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் அழுத்தி ஓட்டினால் அலுமினிய பிஸ்டன் சட்டென்று விரியும், சிலிண்டரின் உள்சுவரான இரும்பு லைனர் பின்தங்கும், பிஸ்டன் சுவரைக் கீறும். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று ஏமாற வேண்டாம். அது காட்டுவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் சில நிமிடங்கள் ஆகும்.

இவற்றைவிட முக்கியம், எந்த ஆயில் ஊற்றுகிறோம் என்பது. 'தண்ணி மாதிரி இருக்கு, நம்ம வெயிலுக்குத் தாங்காது' என்று சொல்லி, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்ற மெல்லிய கிரேடு ஆயில் கேட்கும் புதிய கார்களில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி கிரேடை ஊற்றும் கடைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டாவது எண் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. ஊர் வெயிலுக்காகப் போட்ட எண் அல்ல அது. 40 டிகிரியில் 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. ஊட்டிக் குளிரில் அது உறைந்துவிடாது, ஓடும். ஆனால் தாமதமாக ஓடும். கெட்டி ஆயிலால் அழுத்தம் கூடுவது நல்லதுதானே என்பார்கள். அழுத்தம் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் சம்ப்புக்கே திரும்பிவிடும். ஃபில்ட்டரின் பைபாஸ் வால்வும் திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். பழைய என்ஜின் ஒன்றுக்கு மேனுவலிலேயே 20டபிள்யூ-50 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். மேனுவல் என்ன சொல்கிறதோ, அதுதான் கணக்கு.

ஃபில்ட்டரிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அதனுள்ளே ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. போலி ஃபில்ட்டரில் அது சீக்கிரமே இறுகிப்போகும். காலையில் மட்டும் சில நொடி 'கடகட' சத்தம் கேட்டால் முதலில் ஃபில்ட்டரைச் சந்தேகியுங்கள்.

சூடு அதிகமாகிறது என்று, என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருப்பது மிகவும் வருத்தம் தருகிறது. அது இல்லாத என்ஜின் சூடாக நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகவே தெளிக்கப்படும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது முள் கீழே விழுவதைப் பார்க்கலாம். சோதிப்பது சுலபம்: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, விசிறியில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். முதல் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு இல்லை அல்லது திறந்தபடி மாட்டியிருக்கிறது.

பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் ஆயிலில் கலந்த பெட்ரோலும் நீரும் ஆவியாக வழியில்லை. மேனுவலில் உள்ள 'கடினப் பயன்பாடு' அட்டவணை இத்தகைய கார்களுக்கானது. அதன்படி சீக்கிரமே ஆயிலை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆயில் மூடிக்குள் வெண்மையாகக் கொஞ்சம் படிந்திருப்பது ஈரம்தான். கூலன்ட்டும் குறைந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டிய கராஜிலோ அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலோ காரை ஓடவிடவே கூடாது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகும்வரை, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். அது உயிரைப் பறிக்கும்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊற்றிய ஆயிலின் கிரேடு, ஃபில்ட்டரின் பெயர், மாற்றிய கிலோமீட்டர் மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.